பால்கனி சோலார்: பதிவுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஓவர்போர்ட்டில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் பேரனுடன் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற செவிலியர், வயது 63. ஃபிளாட் என் பெயரில்தான் இருக்கிறது. பால்கனி கடலைப் பார்த்தது, காலையில் நல்ல வெயில். ஜெர்மனியில் இருக்கும் மகன் தன் பால்கனியில் இரண்டு பேனல் மாட்டி, சுவர்ப் பிளக்கில் செருகி, இணையத்திலேயே பதிவும் செய்துவிட்டானாம். என்னையும் போடச் சொல்கிறான். இங்கே ஒரு கடையில் 800 வாட் செட்டுக்கு 15,000 ராண்ட் கேட்கிறார்கள். மின்சாரம் நின்றாலும் விளக்கு எரியும், வரிச்சலுகையும் உண்டு என்கிறார் கடைக்காரர். எனக்குப் பிரீபெய்டு மீட்டர். யூனிட் ஏறத்தாழ மூன்றரை ராண்ட், மாதம் 1,100 ராண்ட் வரை போகிறது. கையிருப்பு 40,000 ராண்ட். பதிவு செய்யத்தான் வேண்டுமா? வாங்கலாமா?

பதில்: பதிவு செய்தே ஆக வேண்டும், அம்மா. ஆனால் இந்தச் செட்டை வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

உங்கள் மகன் சொல்வது ஜெர்மனிக்குச் சரி. 2024 மே மாதம் முதல் அங்கே 800 வோல்ட்-ஆம்பியர் (ஏறத்தாழ 800 வாட்) வரையிலான இன்வெர்ட்டரை, அதாவது பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியை, வீட்டுக்காரரே மாட்டிக்கொண்டு, நாடு முழுமைக்குமான ஒரே இணையப் பதிவேட்டில் விவரம் கொடுத்தால் போதும். தென்னாப்பிரிக்காவில் சிறிய செட்டுக்கென்று அப்படிக் குறுக்கு வழி கிடையாது. மாநகராட்சி மின்கம்பியோடு இணையும் எந்த சோலாரும், ஒரு பேனலாக இருந்தாலும், சுவர்ப் பிளக்கில் செருகுவதாக இருந்தாலும், மின்சாரம் வழங்குபவரிடம் பதிவாக வேண்டும். உங்கள் பகுதிக்கு அது ஈத்தெக்வினி மாநகராட்சியின் மின்துறை. இன்வெர்ட்டர், மின்கம்பியோடு இணையும் கருவிகளுக்கான என்.ஆர்.எஸ். 097 என்ற தென்னாப்பிரிக்கத் தரத்துக்குச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் இணைத்து, சி.ஓ.சி. எனப்படும் மின் இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். பல மாநகராட்சிகள் பதிவுபெற்ற பொறியாளரின் கையெழுத்தையும், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அளக்கும் இருதிசை மீட்டரையும் கேட்கின்றன. பத்துப் பேனல் போடும் வீட்டுக்காரருக்கும் இரண்டு பேனல் போடும் உங்களுக்கும் இந்தச் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. சிறிய செட்டுகள் இங்கே கட்டுப்படியாகாமல் போவது இதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். நாம் பூமியின் தென்பாதியில் இருப்பதால் பேனல் வடக்கைப் பார்க்க வேண்டும். உங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது. கைப்பிடியில் செங்குத்தாக மாட்டினால் நண்பகலுக்குள் வெயில் கட்டடத்தின் பின்பக்கம் போய்விடும். நாளுக்கு ஒன்றரை யூனிட் கிடைத்தால் நல்லது என்பது என் மதிப்பீடு. பேட்டரி இல்லாததால், அந்தக் காலை நேரத்தில் ஃபிரிட்ஜும் துணி துவைக்கும் இயந்திரமும் இழுப்பதுதான் உங்களுக்கு மிச்சம். ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 1,280 ராண்ட். 15,000 திரும்பி வர ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள். எலெக்ட்ரீஷியன், பொறியாளர் செலவுக்கு 6,000 சேர்த்தால் பதினாறு ஆண்டுகளைத் தாண்டும். அதே 15,000 ராண்டை அரசின் சில்லறைச் சேமிப்புப் பத்திரத்தில் போட்டு, வட்டி ஏழு சதவீதம்தான் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 1,050 வரும், முதலும் உங்களுடையதாகவே இருக்கும். அறுபது வயதைக் கடந்தவர்கள் அந்த வட்டியை மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம்.

கடைக்காரர் சொன்ன இரண்டுமே தவறு. மின்தடையின்போது இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி வேலை செய்யும் ஊழியரின் உயிர் போகும். வரிச்சலுகை 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை இருந்தது: பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட். அது முடிந்துவிட்டது. முடிந்த சலுகையைச் சொல்லி ஓய்வூதியத்தில் வாழ்பவரிடம் விற்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

பதிவில்லாமல் செருகிவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில பிரீபெய்டு மீட்டர்கள், எதிர்த்திசையில் மின்சாரம் ஓடினால் அதையும் செலவாகக் கணக்கிடும். வேறு சில, யாரோ மீட்டரில் கைவைத்துவிட்டார்கள் என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடும். அதைவிடப் பெரிய கவலை காப்பீடு. கட்டடத்தின் காப்பீடு, ஃபிளாட் உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பான பாடி கார்ப்பரேட்டின் பெயரில் இருக்கும். சான்றிதழ் இல்லாத உங்கள் இணைப்பால் தீப்பிடித்ததாகத் தெரிந்தால், இழப்பீடு மறுக்கப்பட்டு, கட்டடம் முழுவதற்குமான பழி உங்கள் தலையில் விழக்கூடும். கையில் இருக்கும் 40,000 அதற்கு எந்த மூலைக்கு?

உங்களுக்கு உண்மையில் பணம் மிச்சமாகும் இடம் கீசர். 150 லிட்டர் கீசர் பழையதாக இருந்தால், யாரும் குளிக்காத நாளிலும் சூட்டைக் காப்பதற்கே இரண்டு யூனிட்டுக்கு மேல் தின்னும். பால்கனிப் பேனல் தருவதைவிட அது அதிகம். கீசருக்குப் போர்வையும் குழாய்க்கு உறையும் போடுங்கள், டைமர் வையுங்கள். வெப்பநிலை 60 டிகிரிக்கு மேல் இருந்தால் 60க்கு இறக்குங்கள், அதற்குக் கீழே வேண்டாம், கிருமி வளரும். மின்தடைக்கு, பேரனின் ரூட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸும் சார்ஜ் ஏற்றும் விளக்கு இரண்டும் போதும். இவை வீட்டு வயரிங்கோடு சேராதவை, பதிவு தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் சோலார்தான் வேண்டும் என்றால், முதலில் பிரீபெய்டு மின்சாரம் வாங்கும்போது தரும் டோக்கன் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் தனியார் நிறுவனத்தின் பெயர் இருந்தால், உங்களுடையது கட்டடத்துக்குள் இருக்கும் துணை மீட்டராக இருக்கலாம். அப்படியானால் மாநகராட்சியின் வாடிக்கையாளர் பாடி கார்ப்பரேட், விண்ணப்பமும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். எப்படியானாலும் பாடி கார்ப்பரேட்டை நடத்தும் டிரஸ்டிகளின் எழுத்துமூல ஒப்புதல் முதலில் வேண்டும். ஃபிளாட் உங்களுடையது என்றாலும் வெளிச்சுவரின் நடுக்கோட்டுக்கு அப்பால் இருப்பது பொதுச் சொத்து. வெளித்தோற்றத்தை மாற்றும் எதற்கும் அவர்கள் அனுமதி தேவை. ஒப்புதல் வந்த பிறகு மாநகராட்சி விண்ணப்பம், அவர்கள் சரி சொன்ன பிறகே பொருத்துவது. பணம் கட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

டிரஸ்டிகளுக்கு எழுதும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: மொட்டை மாடியில் வடக்குப் பார்த்து ஒரு பொது சோலார் போட முடியுமா என்று. லிஃப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாம் பகலிலும் ஓடுகின்றன. பொறியாளர் கையெழுத்து ஒன்று, விண்ணப்பம் ஒன்று, செலவு எல்லா ஃபிளாட்டுக்கும் பகிர்ந்துவிடும், பாடி கார்ப்பரேட்டுக்கு நீங்கள் கட்டும் மாதக் கட்டணமான லெவி ஏறும் வேகமும் குறையலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளியில் பதிவுச் செலவு தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆதரித்துக் கையைத் தூக்குங்கள்.