ஆர்ட் சில்க் எடுக்கலாமா? முதலில் நூலைப் பாருங்கள்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆவணியில் மச்சாளின் கல்யாணம். பெரியகடையில் மாம்பழ நிறச் சாறி ஒன்று மனதுக்குப் பிடித்துவிட்டது. பட்டுத்தானே என்று கேட்டேன், 'ஆர்ட் சில்க்' என்றார்கள். அது போலி, இரண்டு தரம் தோய்த்தால் போய்விடும் என்கிறா மாமி. எடுக்கலாமா? எடுத்தால் எப்படி உடுப்பது, எப்படி வைத்திருப்பது?"

எடுக்கலாம் தங்கச்சி. பட்டு என்று சொல்லி, பட்டின் விலைக்கு விற்றால்தான் போலி. உங்களுக்கு உள்ளதைச் சொல்லித்தானே காட்டியிருக்கிறார்கள். அசல் பட்டுத்தான் வேண்டும் என்றால், இந்தியாவிலிருந்து வரும் சாறிகளில் 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2004இல் அங்கே தொடங்கியது அது.

ஆனால் ஆர்ட் சில்க் என்பது ஒரே துணியின் பெயர் இல்லை. பட்டைப்போல மினுங்கும் வெவ்வேறு நூல்களுக்கு வைத்த பொதுப்பெயர். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று விஸ்கோஸ், ரெயோன் என்றும் சொல்வார்கள். மரக்கூழைக் கரைத்து இழையாக்குவது, 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. மற்றது பெற்றோலியத்திலிருந்து வரும் பொலியெஸ்டர். இரண்டும் கலந்தும் வரும். உங்கள் சாறி எது என்று தெரிந்தால் தோய்ப்பது, அயன் பண்ணுவது, வைப்பது எல்லாவற்றுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

கடையில் முந்தானை ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துப் பத்து வரை எண்ணி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் விஸ்கோஸ், துள்ளி நிமிர்ந்தால் பொலியெஸ்டர். கஞ்சி விறைப்பு சில வேளை ஏமாற்றும். ஆகவே வீட்டுக்கு வந்ததும், பிளவுஸ் துண்டின் ஓரத்தில் நெடுக்கில் ஒரு நூல், குறுக்கில் ஒரு நூல் உருவி எடுங்கள்; பாவும் ஊடும் வேறு வேறு நூலாக இருக்கலாம். கோப்பையில் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நூலைக் குறட்டால் பிடித்து நெருப்புக்குக் காட்டுங்கள். கடதாசி எரியும் மணம், ஊதினால் பறக்கும் சாம்பல் என்றால் விஸ்கோஸ். சுருண்டு உருகி, நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நின்றால் பொலியெஸ்டர். மயிர் கருகும் மணம் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அது பட்டு.

நம் வெயிலுக்கு நான் விஸ்கோஸைத்தான் எடுப்பேன். பொலியெஸ்டர் வேர்வையை உறிஞ்சாது. மண்டபத்தில் மின்விசிறி நின்றால் தெரியும். வாங்கும்போது சாறியின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பூவுக்குப் பூ சரிகை நூல் வெட்டாமல் நீளத்துக்குத் தொங்கினால் காப்பும் மெட்டியும் மாட்டி இழுத்துவிடும். சாறியின் கீழ்க்கரைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் போல்ஸ் துணி பருத்தி என்றால் தைக்க முதல் அதை நனைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே அது சுருங்கிக் கரை நெளியும்.

உடுப்பதில் ஒரு சிக்கல்தான் உண்டு: புதுச் சாறி வயிற்றடியில் புடைத்து நிற்கும். முதல்நாளே கொய்யகத்தையும் தோள் மடிப்பையும் மடித்து அயன் பண்ணி, கிளிப் போட்டு வையுங்கள். உள்ளே வழுவழுப்பான சற்றின் (சாட்டின்) துணிப் பாவாடை வேண்டாம், வழுக்கும், பருத்தி நல்லது. தோளில் பின் குத்தும்போது சாறிக்கு அடியில் ஒரு சிறு துணித்துண்டை வைத்துக் குத்தினால் நூல் கிழியாது. இந்தத் துணி ஃபிளாஷ் வெளிச்சத்தில் முழுக்க வெள்ளையாக அடிக்கும், அதனால் பிளவுஸ் மினுக்கம் இல்லாத கடும் பச்சையிலோ அரக்கிலோ இருக்கட்டும். வாசனை சென்ற் அடிப்பதென்றால், சாறி உடுக்க முதலே உடம்பில் அடித்துவிடுங்கள். சரிகையில் பட்டால் கறுக்கும்.

இப்போது மாமியின் பயத்துக்கு வருவோம். அதில் பாதி உண்மை. விஸ்கோஸ் நனைந்தால் அதன் பலத்தில் பாதியளவு போய்விடும், காய்ந்ததும் திரும்பி வரும். ஈரத்தோடு கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும்தான் அதைக் கொல்வது. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒரு காரணம். சுண்ணாம்புக்கல்லில் ஊறிய வன்தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைப் படையாகத் திரண்டு துணியில் ஒட்டும். இரண்டு தோய்ப்பில் மினுக்கம் மங்குவது அநேகமாக அதனால்தான், சாயத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆகவே கட்டிச் சவர்க்காரம் வேண்டாம். ஒரு வாளி தண்ணீரில் ஒரு கரண்டி ஷாம்பூ போட்டு, ஐந்து நிமிடம் மெல்ல அலசி எடுங்கள். கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அருமை. தோய்க்கத் தொடங்க முதல், உள்மடிப்பு மூலையை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் வீட்டில் தொடாமல் ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

துவாயில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில், கம்பிக்கொடியில் இல்லாமல் கயிற்றுக்கொடியில் போடுங்கள். கம்பியின் துருக்கறை போகாது. அயன் பண்ணும்போது பின்பக்கம் திருப்பி, மேலே பழைய வேட்டித் துண்டு விரியுங்கள். விஸ்கோஸுக்கு நடுத்தரச் சூடு, பொலியெஸ்டருக்கு ஆகக் குறைந்த சூடு. கூடினால் கண்ணாடிபோலப் பளபளக்கும் தழும்பு விழும், அது பிறகு மாறாது.

அலுமாரியில் பொலித்தீன் பையில் போட்டு மூடாமல், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பொலியெஸ்டரைப் பூச்சி தின்னாது, அதற்குப் பூச்சி உருண்டை வீண். கஞ்சி போட்ட விஸ்கோஸை வெள்ளிப்பூச்சி தேடி வரும். அதனால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். மாரிக்குப் பிறகு, தையில் ஒருநாள் எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள்.