பையில் கிடக்கும் தோட்டா: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் துப்பாக்கி உள்ளவர்கள் மட்டும் படிக்க வேண்டிய பக்கம் இது என்று புரட்டிவிடாதீர்கள். நம் ஊர் விமான நிலையங்களில் பயணிகளை மாட்டிவிடுவது பெரும்பாலும் துப்பாக்கி அல்ல. பையின் மடிப்பில் கிடந்த ஒற்றைத் தோட்டாதான். வடசென்னையில் முன்னாள் ராணுவத்தினர், கடைக் காவலாளிகள், கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் உள்ள குடும்பங்கள் நிறைய. அங்கிருந்து வந்த கேள்விகளையே இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா, சவுகார்பேட்டை நகைக்கடையில் துப்பாக்கியோடு காவல் வேலை பார்த்தார். அவர் வைத்திருந்த பை இன்னும் புதிது மாதிரி இருக்கிறது. தம்பி அதைத்தான் துபாய்க்கு எடுத்துப் போகிறான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நன்றாக உதறிப் பார்த்துவிட்டோம். போதுமா?
— வாசகி, தண்டையார்பேட்டை

போதாது அம்மா. எங்களைக் கேட்டால் அந்தப் பையே வேண்டாம். தோட்டா ஒருமுறை போன பை, விமானப் பயணத்துக்கு இனி ஆகாது என்று வீட்டில் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு வேறு பை வாங்க ஆகும் செலவு, நாங்கள் அடுத்துச் சொல்லப்போகும் அலைச்சலின் முன்னால் ஒன்றுமே இல்லை.

உதறினால் ஏன் விழாது என்று சொல்கிறோம். நீளக் குழல் துப்பாக்கியில் போடும் 12 போர் தோட்டா 6 முதல் 7 செ.மீ. நீளம், 2 செ.மீ. தடிமன். அது கண்ணில் பட்டுவிடும். ரிவால்வர், பிஸ்டல் தோட்டாக்கள் பெரும்பாலும் இரண்டரை முதல் 4 செ.மீ. நீளத்தில் அடங்கிவிடும். பாயின்ட் 22 தோட்டாவின் நீளம் இரண்டரை செ.மீ.தான், எடை மூன்று கிராம் சொச்சம். உள்துணியில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலே அது துணிக்கும் வெளித்தோலுக்கும் நடுவில் இறங்கிவிடும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்தாலும் வராது.

அந்தப் பையைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால், புறப்படும் நாளைக்கு முந்தின நாளே, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். எல்லா ஜிப்பையும் திறந்து பையை உள்பக்கம் வெளியாகத் திருப்புங்கள். அடியில் போட்டிருக்கும் அட்டையை வெளியே எடுங்கள். அதன் கீழேதான் அதிகம் ஒளிந்திருக்கும். டிராலி பை என்றால் உள்துணியில் ஒரு ஜிப் இருக்கும். அதைத் திறந்து, கைப்பிடிக் கம்பி இறங்கும் இடத்தையும் சக்கரத்தின் மேல்பக்கக் குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு தையல் ஓரம் முழுவதையும் இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, விரல் விரலாக நகர்த்தி அழுத்திக்கொண்டே வாருங்கள். பேனா செருகும் பட்டை, குடை வைக்கும் பை, எலாஸ்டிக் வலையின் மடிப்பு எதையும் விடக் கூடாது. காந்தம் வைத்துத் தேடுவது வீண். பித்தளையும் ஈயமும் காந்தத்தில் ஒட்டாது.

முக்கியமாக, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். டியூட்டி முடிந்து வந்து பையின் எந்த அறையில் எதைப் போடுவார் என்பது அவருடைய கைக்குத்தான் தெரியும். அவருடைய பழைய கோட்டு, பெல்ட் பை, மதிய சாப்பாட்டுப் பை எதையாவது தம்பி எடுத்துப் போவதாக இருந்தால் அவற்றுக்கும் இதே சோதனை வேண்டும்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறும்போதே பையை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுகிறார்கள். அங்கே தெரியாதது ஏர்போர்ட்டில் மட்டும் எப்படித் தெரியும்?
— வாசகர், திருவொற்றியூர்

மெட்ரோ ஸ்கேனரைத் தாண்டிவிட்டதால் பை சுத்தம் என்று அர்த்தம் இல்லை. அங்கே கூட்ட நேரத்தில் ஒரு பைக்குக் கிடைப்பது சில நொடிகள். எக்ஸ்ரே திரையில் துணி, சாப்பாடு, பிளாஸ்டிக் போன்றவை ஆரஞ்சு நிறத்திலும், உலோகம் நீலத்திலும் தெரியும். அடர்த்தி கூடக் கூட நீலம் கறுப்பாகிவிடும். தோட்டா படுத்த வாக்கில் இருந்தால் அதன் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். நிமிர்ந்து நின்றால் சில்லறைக் காசு போல ஒரு கறுப்பு வட்டம்தான். சாவிக்கொத்து, சார்ஜர் குவியலில் அது எளிதில் தப்பும்.

விமான நிலையத்தில் கைப்பையை சிஐஎஸ்எஃப் (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) பார்க்கிறது. செக்-இன் பெட்டி, கன்வேயருக்குப் பின்னால் பல கட்டச் சோதனை வழியாகப் போகிறது. இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் ஆள் பார்ப்பார். அவருக்கும் சந்தேகம் இருந்தால் அடுத்த இயந்திரம். அதிலும் தீராவிட்டால் உங்களைக் கூப்பிட்டு உங்கள் முன்னிலையிலேயே திறப்பார்கள். வேறு நாட்டில் விமானம் மாறினால் அங்கே இன்னொரு சோதனை. இங்கே தப்பியது அங்கே சிக்கினால் இன்னும் மோசம். சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி என்று சட்டம் சொல்கிறது. ஆகவே ‘போன முறை இதே பையோடு போய் வந்தேனே’ என்ற தைரியம் வேண்டாம்.

பிடிபட்டால் என்ன செய்வார்கள்? தெரியாமல் வந்துவிட்டது என்று சொன்னால் தோட்டாவை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட மாட்டார்களா?
— வாசகர், ராயபுரம்

விடமாட்டார்கள். விடும் அதிகாரமும் அந்த இடத்தில் யாருக்கும் இல்லை. தோட்டாவைக் கைப்பற்றி, விமான நிறுவனத்துக்குச் சொல்லி, உங்களையும் உங்கள் பெட்டியையும் அந்த விமானத்தில் இருந்து இறக்குவார்கள். பிறகு எழுத்து மூலமான புகாரோடு விமான நிலையக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள். உரிமம் காட்ட முடியாவிட்டால் எஃப்ஐஆர். தோட்டா, வெடிக்கக் கூடியதுதானா என்ற அறிக்கைக்காகத் தடய அறிவியல் துறைக்குப் போகும்.

சட்டம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 3-ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருக்கக் கூடாது. மீறினால் 25(1பி) பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும். ஒரு தோட்டாதானே என்ற கணக்கு சட்டத்தில் கிடையாது. உரிமம் உள்ளவர், தன் துப்பாக்கிக்கு உரிய தோட்டாவை மறந்துபோய் எடுத்து வந்துவிட்டால் நிலைமை வேறு. அது உரிம நிபந்தனையை மீறியது என்ற அளவில் 30-ஆவது பிரிவுக்குள் வரலாம். அதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம்.

ஆனால் நம்பிக்கை இழக்க வேண்டாம். உடைமை என்றால் அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. பையில் தோட்டா இருந்ததே தெரியாது, கூடவே துப்பாக்கி இல்லை, வேறு கெட்ட நோக்கமும் இல்லை என்ற நிலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட எஃப்ஐஆர்கள் பலவற்றை ரத்து செய்திருக்கிறது. இங்கே அந்த மனுவை பாரிமுனையில் இருக்கும் நம் உயர் நீதிமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 528-ஆவது பிரிவின் கீழ் போட வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது. 3-ஆவது பிரிவுக் குற்றத்துக்கு வழக்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் (மாவட்ட ஆட்சியரின்) முன் அனுமதி தேவை. மாநகரத்தில் அந்த அதிகாரம் காவல் ஆணையரிடம் இருக்கிறது. அனுமதி கொடுக்கும் முன்பே உங்கள் விளக்கத்தை அவருக்கு எழுத்தில் கொடுக்க வக்கீலிடம் சொல்லுங்கள்.

அதனால் பிடிபட்ட அந்த நேரத்தில் பேசுகிற முதல் பேச்சு மிக முக்கியம். பை யாருடையது, எப்போது யாரிடம் இருந்து வாங்கியது, அவருக்கு உரிமம் உண்டா, இதை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள். பயத்தில் ‘அது என் பையே இல்லை’ என்று ஆரம்பித்துப் பிறகு மாற்றினால், தெரியாது என்ற உண்மையும் எடுபடாமல் போகும். பை அப்பாவுடையது என்றால் அவருடைய உரிமத்தின் நகலை வீட்டில் இருந்து உடனே அனுப்பச் சொல்லுங்கள். படித்துப் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

விமானம் போனது பெரிய இழப்பு இல்லை. வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்க 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் வெளிநாடு போக முடியும். வளைகுடா வேலையை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தாமதமே பெரிய அடி.

தாத்தா இறந்து வருடங்கள் ஆகின்றன. அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய தோட்டாக்கள் கொஞ்சம் கிடக்கின்றன. குப்பையில் போட்டுவிடலாமா?
— வாசகி, வியாசர்பாடி

வேண்டவே வேண்டாம். குப்பையிலும் போடக் கூடாது, கால்வாயிலும் வீசக் கூடாது. குப்பையைக் கொளுத்தினால் வெடிக்கும். பொறுக்குகிறவர் கையில் கிடைத்தால் அவருக்கு ஆபத்து. உரிமம் பெற்றவர் இறந்தபின் வாரிசுகள் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களே எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், பழைய உரிமம் கிடைத்தால் அதன் நகல், எத்தனை தோட்டா, எங்கே கிடைத்தது என்று எழுதிய கடிதம் இவற்றோடு முதலில் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

பயணம் கிளம்பும் காலையில் பையில் ஒன்று அகப்பட்டாலும் இதே வழிதான். தோட்டா உரிமம் உள்ளவருடையது என்றால் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். வேறு யாருடையது என்றே தெரியாவிட்டால் 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். விமான நிலையத்துக்குள் போனபின் தெரிந்தால், அங்குள்ள குப்பைத் தொட்டியில் போடும் எண்ணமே வரக் கூடாது. கேமராவில் அது ஒளித்ததாகத்தான் தெரியும். சோதனைக்குப் பையை வைக்கும் முன்பே சிஐஎஸ்எஃப் அதிகாரியிடம் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். விசாரணை அப்போதும் உண்டு. ஆனால் மறைக்கவில்லை என்பது உங்கள் பக்கம் நிற்கும்.

துப்பாக்கி சுடும் போட்டிக்கு வேறு மாநிலம் போக வேண்டும். உரிமம் இருக்கிறது. முறையாகக் கொண்டுபோவது எப்படி?
— வாசகர், கொளத்தூர்

டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேளுங்கள். எல்லா நிறுவனமும், எல்லா விமானத்திலும் ஏற்பதில்லை; கட்டணமும் உண்டு. உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டுமா, இந்தியா முழுவதற்குமா என்று பாருங்கள். இதை மறந்து போய் இறங்கின ஊரில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி, தோட்டா இரண்டுமே செக்-இன் லக்கேஜில்தான். கைப்பையில் ஒரு உறுப்பு கூட வரக் கூடாது. துப்பாக்கியைக் காலி செய்து, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வையுங்கள். தோட்டா தனியாக, அதன் பெட்டியிலேயே இருக்கட்டும். சர்வதேச விதிப்படி ஒருவருக்குத் தோட்டாவின் மொத்த எடை 5 கிலோ வரைதான், அதுவும் விமான நிறுவனம் சம்மதித்தால். கவுன்டரில் போனவுடன் நீங்களாகவே அறிவித்து, அசல் உரிமத்தைக் காட்டி, படிவம் நிரப்ப வேண்டும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போங்கள்.

திரும்பும்போதுதான் தவறு நடக்கும். போட்டி முடிந்த களைப்பில் ஜாக்கெட் பையில் போட்ட இரண்டு ரவுண்டு அப்படியே தங்கிவிடும். எண்ணி எடுத்துப் போனதை, சுட்டதைக் கழித்து எண்ணித் திரும்ப வையுங்கள்.

மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே சுடுகளத்துக்கு அழைத்துப் போய், சுட்ட தோட்டாவின் காலி உறையை நினைவாகக் கொடுத்தான். கொண்டு வரலாமா? தோட்டா வடிவச் சாவிக்கொத்து?
— வாசகர், பெரம்பூர்

அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள் ஐயா. காலி உறை அமெரிக்கச் சோதனையில் கடந்துவிடலாம். நம் சட்டத்திலோ தோட்டா என்பதற்குள் அதன் பாகமும் அடக்கம். மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்கு 45-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அதை நிரூபிப்பது பிடிபட்டபின் நீங்கள் சுமக்க வேண்டிய பாடு. சாவிக்கொத்தும் அப்படியே. திரையில் பார்ப்பவருக்கு அது அசலா, அலங்காரமா என்று தெரியாது.

மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 2023-இல் 6,737 துப்பாக்கிகளும் 2024-இல் 6,678 துப்பாக்கிகளும் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்பதே அங்கே வழக்கமாகச் சொல்லும் பதில். அபராதம் கிட்டத்தட்ட 15,000 டாலர் வரை போனது. சுடுகளத்துக்கு எடுத்துப் போகும் பையும் பயணப் பையும் அவன் வீட்டில் தனித்தனியாக இருக்கட்டும்.

கப்பலில் சேர மும்பை போகிறேன். படகில் வைத்திருந்த ஆபத்து நேரக் கைத்தீவட்டி ஒன்று பையில் இருந்தால் பிரச்சினையா? பிள்ளைக்கு வாங்கிய தீபாவளித் துப்பாக்கி?
— வாசகர், காசிமேடு

ஹேண்ட் ஃப்ளேர் என்கிற கைத்தீவட்டி, ஆபத்து நேரத்தில் வானில் ஏவும் பாராசூட் ராக்கெட் எல்லாமே வெடிபொருள் வகை. கைப்பையிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது. காலாவதி ஆனதும் சேர்த்துத்தான். படகு வேலைக்குப் போட்ட ரெயின்கோட்டு, லைஃப் ஜாக்கெட் பைகளைக் கிளம்பும் முன் தடவிப் பாருங்கள். கான்கிரீட்டில் ஆணி அடிக்கும் ஹில்டி கன்னுக்குப் போடும் கேப் பட்டையும் மருந்து நிரப்பிய தோட்டாதான். வளைகுடாவுக்குப் போகும் ஃபிட்டர்கள் டூல் பையை அப்படியே பெட்டியில் வைக்காமல் கொட்டிப் பார்த்து அடுக்குங்கள். பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் வைக்காதீர்கள். அதன் பொட்டு வெடியும் சுருள் கேப்பும் எந்தப் பையிலுமே கூடாது.