பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு எதுக்குச் சம்பளம்?

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, "நல்ல கூடைப்பந்து டீம் என்றால் அதில் நாற்பது வயசு ஆள் ஒருத்தர் இருக்கணும்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இத்தனை பேர் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போச்சு. வந்த கடிதங்களில் பாதி திட்டுதான். சரி, வாங்க.

மியாமி ஹீட் டீமில் யூடானிஸ் ஹாஸ்லெம் என்று ஒருவர் கடைசிச் சில வருஷம் ஆடாமலே சம்பளம் வாங்கினாரே, அவரை மனசில் வைத்துத்தான் எழுதினீர்களா? எங்க ஊரில் வேலை செய்யாத ஆளுக்குக் கூலி கிடையாது. (ப.சு., காரிமங்கலம்)

அவரேதான். டிராஃப்டில் (டீம்கள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்) எந்த டீமும் எடுக்காத மனுஷன், 2003-ல் மியாமியில் சேர்ந்து 2023 வரை 20 சீசன் அங்கேயே இருந்தார். 2006, 2012, 2013 என்று மூன்று பட்டம். நீங்கள் சொல்வதும் உண்மைதான். 2020-21 சீசன் முழுக்க ஒரே ஒரு ஆட்டத்தில் இறங்கினார், அதுவும் மூன்று நிமிஷம் கூட இல்லை, அதற்குள் எதிர் டீம் ஆளோடு முட்டிக்கொண்டு நடுவரால் வெளியே அனுப்பப்பட்டார்!

ஆனால் நாம் டிவியில் பார்ப்பது 48 நிமிஷம். சீசனில் 82 ஆட்டம், அதற்கு நடுவே பயிற்சி, விமானம், ஓட்டல், தோல்வி, தோற்ற ராத்திரி டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் யாரோடும் பேசாத அந்த அரைமணி நேரம், இதெல்லாம் நமக்குக் காட்டப்படுவதில்லை. டீமில் 15 பேர், ஒழுங்காக ஆட வாய்ப்புக் கிடைப்பது ஒன்பது பத்துப் பேருக்கு. மிச்சப் பேர் இருபது, இருபத்தொரு வயசுப் பையன்கள், கல்லூரியில் ராஜாவாக இருந்துவிட்டு இங்கே பெஞ்சில் துண்டு ஆட்டுகிறவர்கள். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் பயிற்சியே கெட்டுப்போகும். கோச் போய்ப் புத்தி சொன்னால் "உனக்கென்னய்யா, நீ சொல்லத்தான் சம்பளம்" என்று நினைப்பான். பக்கத்திலேயே அதே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, மூன்று பட்டம் வாங்கிய ஆள், தானும் ஆட வாய்ப்பில்லாமல் உட்கார்ந்து முணுமுணுக்காமல் கை தட்டிக்கொண்டிருந்தால் இவன் என்ன சொல்லமுடியும்?

பெரிய ஸ்டாரை அதட்டுவது இன்னொரு வேலை. 2022 மார்ச்சில் கோல்டன் ஸ்டேட் டீமோடு ஆடும்போது டைம்-அவுட்டில் மியாமி ஸ்டார் ஜிம்மி பட்லருக்கும் கோச் ஸ்போல்ஸ்ட்ராவுக்கும் முட்டிக்கொண்டது. நடுவில் புகுந்து பட்லரோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றது ஹாஸ்லெம்தான். இருபத்திரண்டு வயசுப் பையன் அதைச் செய்ய முடியுமா?

காரிமங்கலத்துக்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, புதுக் காளையை ஏரில் பழக்கும்போது இரண்டு புது மாட்டைச் சேர்த்துப் பூட்டமாட்டார்கள் (இப்போது எல்லாம் டிராக்டர், பார்த்தவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்). பழகின மாடு ஒன்றோடு கட்டுவார்கள். அது பெரிசாக இழுக்காது, ஆனால் சால் கோணாது. அதுக்கும் தீனி போட்டுத்தான் ஆகணும்.

அப்புறம் ஒன்று, அவர் ஆடவே தெரியாத ஆளும் இல்லை. 2023 ஏப்ரலில் லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில் 42 வயசில் 24 பாயின்ட் போட்டார். அந்த ஜூனில் சில விநாடி இறங்கி, இறுதிச் சுற்றில் ஆடியவர்களிலேயே வயசில் மூத்தவர் என்ற பேரையும் வாங்கிக்கொண்டார்.

அனுபவஸ்தருக்குச் சம்பளம் அதிகம். அந்தக் காசில் சின்னப் பையனை எடுத்து வளர்க்கலாமே? (ரா.வே., பர்கூர்)

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்.பி.ஏ.வில் குறைந்தபட்சச் சம்பளம் அனுபவத்தோடு ஏறும். 2024-25 சீசனில் பத்து வருஷம் தாண்டியவருக்குக் குறைந்தபட்சமே சுமார் 33 லட்சம் டாலர், இரண்டு வருஷம் ஆடியவருக்குச் சுமார் 21 லட்சம். இதை அப்படியே விட்டால் ஒரு டீமும் வயசான ஆளைத் தொடாது. அதனால் பழைய ஆளை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்தால், டீம் அந்த இரண்டு வருஷக்காரருக்கான தொகையைக் கொடுத்தால் போதும், மேலே உள்ளதை லீக்கே போட்டுக்கொள்ளும். டீமின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்புக் கணக்கிலும் சின்னத் தொகைதான் ஏறும். புதுப் பையன் இதைவிட மலிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினைந்தாவது இடத்தில் உட்காரும் புதுப் பையன் பெரும்பாலும் அந்த வருஷம் ஆடப்போவதில்லை. ஆடாத இரண்டு பேரில் யார் உபயோகம் என்பதுதான் கேள்வியே.

லெப்ரான் ஜேம்ஸ்? (மாணவர், ஓசூர்)

அவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீங்க தம்பி. 38 வயசில் கரீம் அப்துல்-ஜப்பாரின் வாழ்நாள் மொத்தம் 38,387 பாயின்ட் என்ற சாதனையைத் தாண்டியவர், 2023 பிப்ரவரியில். அவர் பெஞ்சில் புத்தி சொல்வதற்காக இருக்கிறவர் இல்லை, அது வேற ஜாதி உடம்பு.

அவ்வளவு அறிவு இருந்தால் கோச் ஆக்கிவிடவேண்டியதுதானே? (த.ம., அரூர்)

இங்கே நான் உங்க கட்சி, பாதி. கோர்ட்டில் ஒரு வேலைகூட உருப்படியாகச் செய்ய முடியாத ஆளை, பழைய பாசத்துக்காக வைத்திருப்பது சரியில்லை. கோட் மாட்டிக்கொண்டு கோச்சுகளோடு உட்காரட்டும். ஒரே ஒரு வேலையாவது கைவசம் இருக்கிறவரை கதை வேற. 2017 நாக்-அவுட் சுற்றில் ஹூஸ்டனோடு ஐந்தாவது ஆட்டம், ஓவர்டைம், ஹூஸ்டனின் ஜேம்ஸ் ஹார்டன் கடைசி மூன்று பாயின்ட் ஷாட்டுக்குக் கை தூக்குகிறார், பின்னாலிருந்து வந்து தட்டிவிட்டது சான் அன்டோனியோவின் 39 வயசு மானு ஜினோபிலி. ஓடி ஜெயிக்கவில்லை, எப்போது பந்து கையை விட்டுப் போகும் என்று தெரிந்து ஜெயித்தார்.

ரே ஆலன் இன்னொருத்தர். 2013 இறுதிச் சுற்று ஆறாவது ஆட்டத்தில் 5.2 விநாடி இருக்கும்போது மூலையிலிருந்து போட்ட அந்த மூன்று பாயின்ட்தான் மியாமியைக் காப்பாற்றியது. வயசு 37. பின்பக்கமாக ஓடிப்போய் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே கால் வைத்து, கீழே பார்க்காமல் போட்ட ஷாட். தரையில் படுத்து, எழுந்து, பின்னாலேயே மூலைக்கு ஓடிப் போடுவதை வருஷக்கணக்காகத் தனியாகப் பழகியவர் அவர். பக்கத்தில் நின்று அதைப் பார்க்கிற பையனுக்குக் கிடைக்கும் பாடத்தைக் கோட் போட்டவரால் கொடுக்க முடியாது.

இவர்களை வேலை வாங்கவும் தெரியணும். 2012 மார்ச்சில் சான் அன்டோனியோ கோச் கிரெக் பாப்பவிச், டிம் டங்கனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஆட்டக் குறிப்பில் ஆடாத காரணமாக எழுதவைத்தது ஒரே வார்த்தை: வயசு. டங்கனுக்கு அப்போது 35. இரண்டு வருஷம் கழித்து அதே டங்கனோடு பட்டம் ஜெயித்தார்கள்.

எனக்கு 41. காலையில் பசங்களோடு ஆடப்போகிறேன். யாரும் பாஸ் போடுவதில்லை, "அங்கிள், நீங்க ஓரமா நில்லுங்க" என்கிறார்கள். நின்றுவிடலாமா? (பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி)

அண்ணா, அந்தப் பசங்க நாங்கதான், முப்பது வருஷம் முன்னாடி. தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூட சிமென்ட் கோர்ட்டில் லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர் வருவார், தொப்பை, பனியன், ஃப்ரீ-த்ரோ கோட்டைத் தாண்டி நகரமாட்டார். சிரிப்போம். ஒருநாள் எதிராளி என்னைத் தொடர்ந்து நாலு முறை ஏமாற்றிவிட்டுப் போனபோது, "டேய், பந்தைப் பார்க்காதே, கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பாரு, இடுப்பு பொய் சொல்லாது" என்றார். ஐந்தாவது முறை பந்து என் கையில். நன்றி சொன்னேனா என்றால், இல்லை.

முதலில் போவது எம்பிக் குதிக்கிற சக்தி, அடுத்தது பக்கவாட்டில் நகரும் வேகம். ஷாட் கடைசிவரை இருக்கும். அதனால் பாஸ் கேட்டுக் கெஞ்சாதீங்க. ஓடுகிற பையனுக்கு ஸ்கிரீன் போடுங்க, அதாவது அவனைத் துரத்துகிறவனுக்குக் குறுக்கே அசையாமல் நில்லுங்க, உங்க உடம்பில் முட்டி எதிராளி நிற்பான், இவன் காலி இடத்தில் வளையத்துக்குக் கிட்டே ஓடி லே-அப் போடுவான். ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) குதிக்கவேண்டாம், ஆளை முதுகால் மறித்து நில்லுங்க. பின்னால் நின்று "இடது பக்கம் ஆள் வர்றான்" என்று சத்தம் போடுங்க, சின்னப் பசங்க ஆடும்போது பேசவே மாட்டார்கள், கவனித்திருப்பீங்க. அரைக் கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று ஆடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீங்க, அதில் பந்து கிடைத்ததும் ஷாட் போட 12 விநாடிதான், முழுக் கோர்ட்டைவிட மூச்சு வாங்கும்.

சிமென்ட் தரை என்றால் வாரம் மூன்று நாள் போதும். பழைய ஷூவைத் தூக்கிப்போட்டுவிட்டு அடிப்பாகம் நல்லா இருக்கிற ஒன்றை வாங்குங்க. பசங்க பாஸ் போட ஆரம்பித்த அன்றைக்கு ஒரு வரி எழுதுங்க.