தொழில் பேரில் லேப்டாப் வாங்கினால் முழுப் பணத்தையும் கழிக்க முடியுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே டிடிபி, டிசைன் வேலை செய்து தருகிறேன். நான் மட்டுமே உரிமையாளர்; ஜிஎஸ்டி பதிவு உண்டு. பழைய கம்ப்யூட்டர் ஓய்ந்துவிட்டதால் 70,800 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கப் போகிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகளும் மாலையில் அதைப் பயன்படுத்துவாள். "தொழில் பேரில் வாங்கு, ஜிஎஸ்டி திரும்ப வந்துவிடும், மீதியை இந்த வருஷமே செலவாகக் காட்டிவிடலாம்" என்கிறார்கள் நண்பர்கள். இதைக் கேட்ட என் மைத்துனர், தன் பையனுக்கும் ஒரு லேப்டாப்பை என் ஜிஎஸ்டி நம்பரிலேயே வாங்கித் தரச் சொல்கிறார். அவர் மாதச் சம்பளக்காரர். பணத்தை அவரே கொடுத்துவிடுவார். செய்யலாமா?

பதில்: உங்கள் லேப்டாப்பை வாங்கலாம், அதற்குரிய சலுகையையும் கேட்கலாம். மைத்துனர் கேட்பதைச் செய்யக் கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தனி உரிமையாளர் தொழிலில், சட்டத்தின் கண்ணுக்கு நீங்களும் உங்கள் தொழிலும் ஒரே ஆள்தான். அதனால் பில்லில் தொழில் பேர் இருந்தால் மட்டும் அது தொழில் செலவாகிவிடாது. பொருள் எதற்குப் பயன்படுகிறது என்பதைத்தான் அதிகாரி பார்ப்பார்.

முதலில் ஜிஎஸ்டி. 70,800 ரூபாயில் பொருளின் விலை 60,000, வரி 18 சதவீதம், அதாவது 10,800. நீங்கள் காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு தொழில்களுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தால் இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையவே கிடையாது. வழக்கமான பதிவு என்றால் உண்டு. ஆனால் அது ரொக்கமாகக் கைக்கு வராது. உங்கள் வாடிக்கையாளர்களிடம் வசூலித்துக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

பலர் கோட்டை விடுவது பில்லில்தான். பணம் கட்டுவதற்கு முன் பில்லை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். கடைக்காரரின் ஜிஎஸ்டி எண், உங்கள் பதிவில் உள்ள பேர், உங்கள் 15 இலக்க ஜிஎஸ்டி எண், 8471 என்று தொடங்கும் எச்எஸ்என் குறியீடு (பொருளின் வகையைக் காட்டும் எண்), வரி தனியாகப் பிரித்துக் காட்டியிருப்பது, எல்லாம் இருக்க வேண்டும். உள்ளூர்க் கடையென்றால் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 9 சதவீதம். வெளி மாநிலத்திலிருந்து வந்தால் இரண்டுக்கும் பதிலாக ஐஜிஎஸ்டி 18 சதவீதம். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்காமல் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அந்த பில் சாதாரண நுகர்வோருக்கு விற்றதாகப் பதிவாகும். உங்களுக்கு விற்றவர்கள் பதிந்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வராது. அங்கே வராத வரியை நீங்கள் எடுக்க முடியாது. அப்படி நேர்ந்தால் உடனே விற்றவரிடம் எழுத்தில் கேட்டு பில்லைத் திருத்தச் சொல்லுங்கள். இந்த கிரெடிட்டை எடுக்க, நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரைதான் பொதுவாக அவகாசம். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு முடிந்தது.

அப்புறம் வருமான வரி. "இந்த வருஷமே முழுசாகச் செலவு" என்பது தவறு. கம்ப்யூட்டர் மூலதனப் பொருள். அதற்குத் தேய்மானம்தான், அதாவது ஆண்டுதோறும் குறையும் மதிப்பைத்தான், கழிக்க முடியும், ஆண்டுக்கு 40 சதவீதம். ஜிஎஸ்டியைக் கிரெடிட்டாக எடுத்துவிட்டால் கணக்கில் ஏற வேண்டிய விலை 60,000 மட்டுமே. ஒரே வரிக்கு இரண்டு இடத்தில் சலுகை கேட்க முடியாது. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 16(3) அதைத் தெளிவாகத் தடுக்கிறது. முதல் ஆண்டு 24,000, மிச்சமுள்ள 36,000-ல் அடுத்த ஆண்டு 14,400, இப்படி இறங்கிக்கொண்டே போகும். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் முதல் ஆண்டு பாதிதான், 12,000. வாங்குவதை செப்டம்பர் மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 24,000 கழிவு என்றால் 24,000 மிச்சம் என்றும் எண்ண வேண்டாம். 20 சதவீத வரி வரம்பில் இருந்தால் மிச்சமாவது, செஸ் சேர்க்காமல், 4,800.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். உங்களைப் போன்ற பலர் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின் கீழ், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல், டர்னோவரில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் என்று லாபம் காட்டி ரிட்டர்ன் போடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்றால் தேய்மானத்தைத் தனியாகக் கேட்க முடியாது. அந்தச் சதவீதத்துக்குள் அது ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. ஜிஎஸ்டி கிரெடிட் மட்டும் பாதிக்கப்படாது. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஆடிட்டர்களுக்குப் பழகிய எண் என்பதால் பழையதைச் சொன்னேன்.)

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை பொருளின் விலையில் சேராது, தேய்மானமும் போச்சு. கார்டு, யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் எதுவானாலும் சரி.

மகள் பயன்படுத்துவதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு சட்டங்களுமே தொழிலுக்கான பங்கை மட்டும் அனுமதிக்கின்றன. நான்கில் மூன்று பங்கு உங்கள் வேலை என்றால், 10,800-ல் 8,100 கிரெடிட்; தேய்மானத்திலும் அதே பங்கு. எந்த அடிப்படையில் பிரித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி பில்லோடு வைத்துவிடுங்கள். மகள் அதை விடுதிக்கே எடுத்துச் சென்றுவிடுவாள் என்றால் கதை வேறு. அது அவளுடைய லேப்டாப், எதையும் கேட்காதீர்கள்.

இனி உங்கள் மைத்துனர் விஷயம். அவர் பையனின் லேப்டாப் உங்கள் தொழிலுக்கு வரப்போவதே இல்லை. அதற்குக் கிரெடிட் எடுப்பது தெரிந்தே செய்யும் தவறு. பிடிபட்டால் வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், பயன்படுத்திய கிரெடிட்டுக்கு 18 சதவீத வட்டி, வேண்டுமென்றே செய்தது என்று முடிவானால் வரிக்குச் சமமான அபராதம். இதற்குத் தேய்மானமும் கேட்டிருந்தால், வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்காக அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் வருமான வரித் துறையிலிருந்தும் வரலாம். நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும், அவர் பேருக்கு அல்ல. முறைப்படி நீங்கள் வாங்கி அவருக்கு விற்கலாமே என்று கேட்டால், விற்கும்போது நீங்களும் அவருக்கு ஜிஎஸ்டி போட்டு பில் தர வேண்டும். அவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. உறவு கெட்டுவிடுமே என்று தயங்காமல் இந்தக் கணக்கையே அவரிடம் காட்டுங்கள். லேப்டாப்பை அவர் தன் பேரிலேயே வாங்கிக்கொள்ளட்டும்.