டைனோ உருளையில் ஆட்டோமேட்டிக் கியர்: கேள்வி பதில்

டைனோ என்பது, காரின் சக்கரங்களை உருளை மேல் ஓடவிட்டு இன்ஜினின் பலத்தை அளக்கும் கருவி. ஜெனரல் மோட்டார்ஸின் பின்சக்கர ஓட்டக் கார்களை அதில் ஏற்றுகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கே: அண்ணா, என் கமேரோ காரில் 4எல்60இ என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. லீவரை 3-ல் வைத்தும், முழுசாக மிதித்தவுடன் இரண்டுக்கு இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

ப: லீவர் 3-ல் இருந்தால் நாலுக்கு ஏறாது, அவ்வளவுதான். இறங்குவதை அது தடுக்காது. காரின் கணினியை மாற்றும் டியூனிங் மென்பொருளில், முழு த்ராட்டிலுக்கென்று (ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிப்பதற்கென்று) எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்று சொல்லும் தனி ஷிப்ட் அட்டவணை இருக்கும். 3-லிருந்து 2-க்கு இறங்கும் வேகத்தை, நீங்கள் டைனோ ஓட்டம் தொடங்கும் வேகத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்றில்) தொடங்கினால் வண்டி ஏறத்தாழ 75 கி.மீ. வேகத்தில் இருக்கும், இறங்கும் வேகத்தை 50-ல் வையுங்கள். 2-லிருந்து 3-க்கு ஏறும் வேகம் அதற்குச் சற்று மேலே இருக்கட்டும். சாதாரண அட்டவணையில் முழு மிதிக்கு அருகில் வரும் கடைசிக் கட்டங்களையும் இதேபோல மாற்றுங்கள். பழைய கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, சோதனை முடிந்ததும் திரும்ப ஏற்றிவிட வேண்டும். இதே டியூனில் ரோட்டில் ஓவர்டேக் எடுத்தால் வண்டி இழுக்காது.

கே: ஏன் எல்லோரும் மூன்றாம் கியரையே சொல்கிறார்கள்?

ப: இந்தப் பெட்டியின் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. மூன்றில் மட்டும்தான் ஒன்றுக்கு ஒன்று, அதாவது பெட்டிக்குள் வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் ஒன்றே. இரண்டில் ஓட்டம் சட்டென்று முடிந்துவிடும், டயரும் உருளையில் வழுக்கப் பார்க்கும்.

கே: சார், டார்க் கன்வெர்ட்டரை லாக் செய்து அளவு எடுக்கலாமா?

ப: கன்வெர்ட்டர் என்பது இன்ஜினையும் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைப்பது; அதற்குள் இருக்கும் லாக்அப் கிளட்ச் பிடித்தால் இரண்டும் நேராக இணையும், அதுதான் லாக். லாக் செய்யாவிட்டால் கன்வெர்ட்டர் டார்க்கை (சுழற்றும் விசையை) பெருக்கிக் காட்டும், வரைபடத்தின் தொடக்கத்தில் ஒரு மேடு எழும். அது இன்ஜினின் பலம் இல்லை. லாக் செய்தால் வழுக்கல் போய், மேல் ஆர்பிஎம்மில் எண் கூடும். ஆனால் கம்பெனி லாக்அப் கிளட்ச் முழு த்ராட்டிலைத் தாங்குவதற்கென்று செய்ததில்லை. பலம் ஏற்றிய இன்ஜின் என்றால் லாக் வேண்டாம். எப்படி எடுத்தாலும், இன்ஜினில் செய்யும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி எடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

கே: என்னிடம் இருப்பது பழைய 700ஆர்4 ஆட்டோமேட்டிக் பெட்டி. த்ராட்டில் கேபிளைக் கழற்றினால் கியர் இறங்காதாமே?

ப: தயவுசெய்து கழற்றாதீர்கள். அந்த கேபிள் கியர் இறக்குவதற்கு மட்டும் இல்லை, பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தை ஏற்றுவதும் அதுதான். கழற்றிவிட்டு முழுசாக மிதித்தால் இன்ஜினின் பலம் முழுவதும் தளர்வாகப் பிடித்த கிளட்ச் மேல் விழும். அப்படிக் கழற்றி ஓட்டிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. பெட்டியின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைத் திறந்தால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துப்போய், தீய்ந்த வாடை; கைவிரலில் தொட்டால் கிளட்ச் தூள் கரிபோல ஒட்டியது. மூன்று, நான்கு கியருக்கான கிளட்ச் தட்டுகள் மொத்தமும் போயிருந்தன. இதில் செய்யக்கூடியது ஒன்றுதான். கேபிளைச் சரியாக வைத்து, மெதுவாக மூன்றுக்கு ஏற்றி, கியர் இறங்கும் வேகத்தைத் தாண்டிய பிறகு முழுசாக மிதியுங்கள். வரைபடம் சற்று மேலிருந்து தொடங்கும், பரவாயில்லை.

கே: பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிகளான டிஎச்400, டிஎச்350-ல் கியர் இறங்காமல் தடுப்பது எப்படி?

ப: 400-ல் கியர் இறக்குவது மின்சார சுவிட்ச். வயரைப் பிடுங்கினால் போதும். 350-ல் கேபிள் கியர் இறக்க மட்டும்தான், எண்ணெய் அழுத்தத்தை, இன்ஜினின் வெற்றிட உறிஞ்சலால் இயங்கும் வேக்யூம் மாடுலேட்டர் பார்த்துக்கொள்ளும், அதனால் கழற்றலாம்.

கே: வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா அண்ணா?

ப: டயரைப் பாருங்கள். பின் ஆக்சில் கியர் விகிதம் 3.23 உள்ள கமேரோ மூன்றாம் கியரில் 6000 ஆர்பிஎம் தொட்டால் உருளையில் வேகம் 225 கி.மீ.யைத் தாண்டும். எச் குறி போட்ட டயருக்கு 210 வரைதான். அப்புறம், டியூனில் உள்ள அதிகபட்ச வேக வரம்பையும் பார்த்துவிடுங்கள். அந்த வரம்பைத் தொட்டால், பாதி ஓட்டத்தில் எரிபொருளை வெட்டிவிடும்.