எங்கானு ஏன் வெளியேறினார்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டான எம்எம்ஏ பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், அதன் வீரர் ஃப்ரான்சிஸ் எங்கானுவைப் பெரிதும் மதிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனமான யுஎஃப்சியின் ஹெவிவெயிட் பட்டம் கையில் இருக்கும்போதே விட்டுவிட்டுப் போனார். பணத்துக்காகக் குத்துச்சண்டைக்குப் போய், குத்துச்சண்டை வீரர் ஆன்டனி ஜோஷுவாவிடம் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். எனக்கு இது பேராசையாகத்தான் தெரிகிறது. இதைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. என் தம்பிக்கு 21 வயது. எம்எம்ஏவைத்தான் தொழிலாக எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டான். அவன் அறைச் சுவரில் இருப்பது எங்கானுவின் படம்.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. சாம்பியனிடமிருந்து பட்டத்தை இன்னொருவர் அடித்துப் பிடுங்கினால் பார்ப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அவராகவே இறக்கி வைத்துவிட்டுப் போனால் நம் மனம் ஒப்பாது. ஆனால் எங்கானு போகும்போது என்ன கேட்டார் என்று தெரிந்தபிறகு அந்தப் பேராசை என்ற சொல்லை என்னால் பயன்படுத்த முடியவில்லை.

அவர் 1986இல் கேமரூனில் பாட்டியே என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மணல் குவாரியில் மண்வெட்டி பிடித்தவர். குத்துச்சண்டைக்காரன் ஆக வேண்டும் என்ற ஆசையோடு 2012இல் ஊரைவிட்டுக் கிளம்பினார். சஹாரா பாலைவனத்தைக் கடந்து மொராக்கோ போனார். அங்கே குப்பையில் கிடந்ததை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். ஸ்பெயினுக்குள் நுழைய ஆறு முறை முயன்று ஆறு முறையும் தோற்றார். ஏழாவது முறை ரப்பர் படகில் கடல் தாண்டினார். தாண்டியதும் இரண்டு மாதம் காவலில் வைத்தார்கள். 2013இல் பாரிஸ் வந்து சேர்ந்தபோது தெரிந்தவர் யாரும் இல்லை. வாகன நிறுத்துமிடத்தில்தான் தூக்கம். பாக்ஸிங் பழக இடம் தேடியவரைப் பார்த்து, நீ எம்எம்ஏ செய்து பார் என்று சொன்னவர் பயிற்சியாளர் ஃபெர்னாண்ட் லோபெஸ். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் தொழில்முறைச் சண்டை, 2015 டிசம்பரில் யுஎஃப்சியில் முதல் சண்டை.

2017 டிசம்பரில் முன்னணி வீரர் ஓவரீமை ஒரே இடதுகைக் குத்தில் சாய்த்தபோது, இனி இவரை யார் தடுப்பது என்று எல்லாரும் பேசினார்கள். அடுத்த மாதமே அப்போதைய சாம்பியன் ஸ்டீபே மியோச்சிச் தடுத்தார். பெரிய குத்துகளை எல்லாம் முதல் சுற்றிலேயே வீசித் தீர்த்துவிட்டு, மீதி நான்கு சுற்றும் மூச்சு வாங்கிக்கொண்டு, மல்யுத்தப் பிடியில் கீழே கிடந்தார். அதைவிட மோசம் அதற்கடுத்து டெரிக் லூயிஸோடு நடந்த சண்டை. பதினைந்து நிமிடம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. போன சண்டையின் பயத்தை இந்தச் சண்டைக்குள்ளும் சுமந்து வந்துவிட்டேன் என்று பிறகு அவரே வெளிப்படையாக எழுதினார். ஊரே பார்த்துப் பயப்படுகிற ஒரு மனிதர், எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னார். அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அன்றுதான். ஜெயித்த எந்தச் சண்டையும் அதைத் தரவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வெற்றிகள்: பிளேட்ஸ் 45 விநாடி, வெலாஸ்கஸ் 26 விநாடி, தோஸ் சாண்டோஸ் 71 விநாடி, ரோசன்ஸ்ட்ரைக் 20 விநாடி. நான்கையும் கூட்டினால் மூன்று நிமிடம்கூட வராது. 2021 மார்ச்சில் அதே மியோச்சிச்சை இரண்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டம் வாங்கினார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் சிரில் கான் என்ற வீரருக்கு எதிராக அவர் பட்டத்தைத் தக்கவைத்தார். சண்டைப் போட்டிகளை மேற்பார்க்கும் கலிஃபோர்னியா மாநில ஆணையம் வெளியிட்ட கணக்குப்படி அன்றைய சண்டைக்கு அவருக்குக் கிடைத்த தொகை 6 லட்சம் டாலர். நம் கணக்கில் அது பெரிய பணம்தான். ஆனால் பயிற்சியாளர்கள், மேலாளர், பல வார முகாம், வரி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அதே எடைப்பிரிவில் குத்துச்சண்டைச் சாம்பியன் ஒருவர் வாங்குவதோடு ஒப்பிட்டால் அது சில்லறை. யுஎஃப்சியில் வீரர் ஊழியர் கிடையாது, தனி ஒப்பந்தக்காரர். ஊழியருக்கு உண்டான பாதுகாப்பு அவருக்கு இல்லை. ஆனால் வேறு இடத்தில் சண்டை போடும் சுதந்திரமும் இல்லை. 2015இலிருந்து, சண்டை நடக்கும் கூண்டுக்குள் தன் சொந்த விளம்பரதாரரின் பெயரை அணியவும் முடியாது. குத்துச்சண்டை வீரர்களுக்காக அமெரிக்காவில் 2000இல் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது. போட்டி நடத்துபவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதைச் சண்டை போடுபவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டத்தின் நிழல் எம்எம்ஏ மேல் விழவில்லை. வீரர்களின் சம்பளத்தை அமுக்கி வைக்கிறது என்று முன்னாள் வீரர்கள் சிலர் 2014இல் யுஎஃப்சிமேல் வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டு இழுத்து, கடைசியில் 37.5 கோடி டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. புகாரில் ஒன்றும் இல்லையென்றால் யாரும் இவ்வளவு பணத்தை எடுத்து வைக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எங்கானு கேட்டது கூடுதல் பணம் மட்டும் என்றால் நானும் உங்கள் பக்கம் சாய்ந்திருப்பேன். வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றார். நிர்வாகம் கூடிப் பேசும்போது வீரர்கள் சார்பில் ஒருவர் அங்கே உட்கார வேண்டும் என்றார். சொந்த விளம்பரதாரரை வைத்துக்கொள்ளவும், குத்துச்சண்டை போடவும் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து, 2023 ஜனவரியில் பட்டத்தை விட்டுவிட்டு வெளியே வந்தார். அந்த மே மாதம் பிஎஃப்எல் என்ற இன்னொரு எம்எம்ஏ நிறுவனத்தில் சேர்ந்தபோது, தன்னை எதிர்த்துச் சண்டை போட வருபவருக்கும் குறைந்தது 20 லட்சம் டாலர் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைத்தார். தன்னை அடிக்க வருகிறவனின் சம்பளத்துக்காகப் பேசுகிறவரைப் பேராசைக்காரர் என்று எப்படிச் சொல்வது?

ஜோஷுவாவிடம் விழுந்தது உண்மை. மோசமாகவே விழுந்தார். ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பு ரியாத்தில், தன் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையிலேயே, அப்போதைய ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் டைசன் ஃப்யூரியை மூன்றாவது சுற்றில் தரையில் உட்கார வைத்தாரே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்துச் சுற்று முடிந்து, ஒரு நடுவர் எங்கானு ஜெயித்தார் என்றும் இருவர் ஃப்யூரி ஜெயித்தார் என்றும் புள்ளி போட்டார்கள்.

ஜோஷுவா சண்டைக்கு அடுத்த மாதம் எங்கானுவின் 15 மாதக் குழந்தை கோபே இறந்துபோனான். அதைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது. அக்டோபரில் மறுபடியும் கூண்டுக்குள் வந்து ரெனான் ஃபெரேராவை முதல் சுற்றிலேயே முடித்தார். வெற்றியை மகனுக்குக் கொடுத்துவிட்டு அழுதார்.

தம்பியைத் தடுக்கச் சொல்லமாட்டேன், தட்டிக்கொடுக்கவும் மாட்டேன். எனக்கு அவரைத் தெரியாது. முகம் தெரியாத ஒரு பையனின் முழங்காலுக்கும் மூளைக்கும் இங்கே உட்கார்ந்துகொண்டு நான் உத்தரவாதம் தரக்கூடாது. ஆனால் அண்ணனாக நீங்கள் இரண்டு காரியம் செய்யலாம். யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால், அது எத்தனை வருஷம், அடிபட்டுக் கிடக்கும் மாதங்களில் யார் செலவு, வெளியே போவதற்கு எந்த வழி என்ற மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டிப் படித்தபிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த வக்கீலுக்கான பணத்தை நீங்களே கொடுங்கள்.

அப்புறம், ஒருநாள் அவரோடு உட்கார்ந்து அந்த சிரில் கான் சண்டையை முழுசாகப் பாருங்கள். சில வாரம் முன்பு முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அந்தக் காலோடுதான் எங்கானு உள்ளே வந்தார். எதிரே நின்ற கான், பாரிஸில் அதே லோபெஸ் வளர்த்தவர். முதல் இரண்டு சுற்றும் கானுக்குத்தான். மூன்றாவது சுற்றில், குத்துக்குப் பேர்போன எங்கானு குனிந்து கானைத் தூக்கித் தரையில் போடுகிறார். நான்கு ஆண்டு முன்பு மியோச்சிச்சின் பிடியில் மூச்சில்லாமல் கிடந்த அதே ஆள். தம்பி சுவரில் ஒட்டியிருக்கும் படம் எந்தச் சண்டையில் எடுத்தது என்று தெரியவில்லை. அந்த மூன்றாவது சுற்றில் எடுத்ததாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அன்புடன்.