செண்டாயில் நள்ளிரவில் அலறும் நிலநடுக்கச் செயலி: அழிக்கலாமா?

வணக்கம். ஜப்பானின் செண்டாய் நகருக்குக் குடிவந்ததிலிருந்து வடகோடியில் ஹொக்கைடோ அதிர்ந்தாலும் தென்கோடியில் ஒக்கினாவா அதிர்ந்தாலும் நிலநடுக்கச் செயலி அலறுகிறது, தூக்கமே போச்சு, அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள், அமைப்பை மட்டும் மாற்றுங்கள்.

செயலியில் நீங்கள் பார்க்கும் 5.8, 6.1 எல்லாம் மேக்னிடியூட், அதாவது நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றலைச் சொல்பவை. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் தளமும் ஜப்பான் வானிலை முகமையும் வெவ்வேறு முறையில் கணக்கிடுவதால் சிறு வேறுபாடு வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். உங்களுக்குத் தேவை ஷிண்டோ, அதாவது நீங்கள் இருக்கும் இடத்தில் தரை எவ்வளவு குலுங்கியது என்ற அளவு. 3 என்றால் பாத்திரங்கள் கடகடக்கும், 4 என்றால் தொங்கும் விளக்கு பலமாக ஆடும். செண்டாய் இருக்கும் மியாகி மாகாணத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஷிண்டோ 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள்.

கைபேசியிலேயே இருக்கும் அவசர எச்சரிக்கையை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். எங்காவது ஷிண்டோ 5-ன் கீழ்நிலையோ (5 என்பது கீழ், மேல் என இரண்டாகப் பிரியும்) அதற்கு மேலோ எதிர்பார்த்தால், 4 அல்லது அதற்கு மேல் குலுங்கக்கூடிய பகுதிகளுக்கு அது வரும். கிடைப்பது சில நொடிகள்தான். நிலநடுக்க மையம் பக்கத்தில் இருந்தால் எச்சரிக்கையை குலுக்கம் முந்திக்கொள்ளும்.

முதலில் வரும் எண்ணை நம்பி நிம்மதியாக உட்காரவும் கூடாது. 2011 மார்ச் 11 அன்று இந்தப் பகுதியைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்துக்கு வானிலை முகமை முதலில் அறிவித்த மேக்னிடியூட் 7.9, உண்மையில் 9.0. அதனால் முதல் சுனாமி எச்சரிக்கையும் அலை உயரத்தைக் குறைத்தே சொன்னது. செண்டாயின் வாகபாயாஷி, மியாகினோ வார்டுகளின் கடலோரத்தில் வீடு என்றால், நீண்ட நேரம் குலுங்கியதும் செயலியைப் பார்த்துக்கொண்டிராமல் மேட்டுக்கு ஓடுங்கள். வழியை இந்த வாரமே நடந்து பார்த்துவிடுங்கள்.